துருவும் துணிவும்

உறுதிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது இரும்பு. ஆயினும் அதற்கும் ஒரு பகை உண்டு. நீரும் காற்றும் சேர்ந்து தீண்டினால் இரும்பு துருப்பிடிக்கும். அந்நீரில் உப்பும் கலந்திருந்தால் துரு விரைந்து பரவும். துருவேறிய பொருளைக் கண்டவுடன், இனி இது பயன்படாது என்று தூக்கி எறிவோர் உளர். எவ்வளவு கெட்டாலும் பிரிய மனமின்றி ஒட்டுப்போட்டுக் காலம் கடத்துவோரும் உளர். இவ்விரு திறத்தாரும் செய்யத் தவறுவது ஒன்றே. அஃது யாது என்பதைப் பழைய எஞ்சின் ஒன்றின் வரலாறு காட்டும்.

காவிரிப் பாசனத்தின் கடைமடையில், கடலுக்கு அணித்தாக ஒரு சிற்றூர். அவ்வூர் உழவர் ஒருவரிடம் ஐந்து குதிரைத்திறன் கொண்ட டீசல் எஞ்சின் ஒன்று இருந்தது. அவருடைய தந்தை வாங்கி வைத்தது அது. ஆற்று நீர் வந்து எட்டாத நாள்களில் வடிகால் நீரை இறைத்து, மூன்று ஏக்கர் நெற்பயிரைப் பல்லாண்டு காத்து வந்தது. இறைக்கும் நீரில் ஒரு சிறு பகுதி குழாய் வழியே எஞ்சினுக்குள் சென்று, அதன் வெப்பத்தைத் தணித்துவிட்டு வெளியேறும். வெப்பத்தைத் தணித்த அந்த நீரே சிறிது சிறிதாகத் தீங்கும் செய்தது. ஏனெனில் கடல் அருகே இருந்தமையால் வடிகால் நீர் உவர்ப்புடையதாக இருந்தது.

ஓர் ஆண்டு, நெல் கதிர்விடும் பருவத்தில், எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய் மோர்போல் வெளுத்துவிட்டது. எங்கோ உட்புறத்தில் தண்ணீர் கசிகிறது என்பது தெளிவாயிற்று. உழவர் பக்கத்து வயல்காரரின் எஞ்சினை வாடகைக்கு அமர்த்திப் பயிருக்கு நீர் விட்டார். தம் எஞ்சினைப் பிரித்து, மகனுடன் நகரத்துப் பட்டறைக்குக் கொண்டு சென்றார்.

எஞ்சினின் உடல் போன்றது பிளாக் என்னும் பகுதி. வார்ப்பிரும்பாலான அதனுள்தான் உருளையும், அதனைச் சூழ்ந்து நீர் ஓடும் அறையும் அமைந்துள்ளன. பிளாக்கின் வெளிப்புறம் எங்கும் செந்துரு செதில் செதிலாக எழுந்திருந்தது.

“இதைப் பார்த்த பிறகும் எண்ணிப் பார்க்க என்ன இருக்கிறது? எடைக்குப் போட்டுவிடலாம், ஐயா” என்றான் மகன்.

“வெளியேதான் துரு, மேஸ்திரி. நீர் ஓடும் அறையைப் பாருங்கள். எவ்வளவு வழவழப்பாக இருக்கிறது! எப்படியாவது பற்றவைத்துக் கொடுங்கள்” என்றார் தந்தை.

மேஸ்திரி இருவருக்கும் விடை கூறவில்லை. முதலில் கம்பித் தூரிகையால் வெளித்துருவைத் தேய்த்தார். செதில்கள் உதிர்ந்தன, அடியில் நல்ல இரும்பு தோன்றியது. அளவுகோலால் சுவரின் கனத்தை அளந்தார். குறைவு மிகச் சிறிதே. உருளையின் உட்புறமாக அமைந்த லைனர் குழிகள் விழுந்து கெட்டிருந்தது. ஆனால் அது கழற்றி மாற்றத்தக்கது. சுவரின் ஒருபுறம் மண்ணெண்ணெயைத் தடவி, மறுபுறம் சுண்ணப்பொடியைப் பூசினார். விரிசல் இருந்தால் எண்ணெய் அதன் வழியே ஊறி, வெண்பொடியில் கோடு காட்டும். கோடு ஒன்றும் தோன்றவில்லை. தந்தையின் முகம் மலர்ந்தது.

பின்னர் மேஸ்திரி சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தார். மேற்பகுதி கணீரென்று ஒலித்தது. நீரறையின் கீழ்ப்பகுதியிலோ ஒலி மழுங்கிக் கேட்டது. கத்தி ஒன்றை எடுத்து, அங்கிருந்த கரிய வழவழப்பின்மேல் அழுத்தினார். இரும்பில் இறங்காத கத்தி அங்கே இறங்கியது! கரிக்கோலைச் சீவினாற்போல் கரும்பொடி உதிர்ந்தது.

வார்ப்பிரும்பில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் கரி உண்டு. அதன் பெரும்பகுதி கிராபைட் என்னும் மென்மையான தகடுகளாய் உள்ளே பரவிக் கிடக்கும். உவர்நீர் நெடுங்காலம் தீண்டினால் இரும்பு கரைந்து போய்விடும். கிராபைட்டும் துருவுமே எஞ்சி, பழைய வடிவத்தை அப்படியே தாங்கி நிற்கும். வடிவும் அளவும் மாறுவதில்லை. வலிமை மட்டுமே மறைந்துவிடும். மேஸ்திரி மேலும் சுரண்டினார். லைனர் பொருந்தும் இடத்தில் தொடங்கிய கேடு, சுற்றுச் சுவரில் பெரும்பகுதி வரை பரவியிருந்தது.

“பற்றவைக்க முடியாதா, மேஸ்திரி?” என்று உழவர் தளர்ந்த குரலில் கேட்டார்.

“நல்ல வார்ப்பிரும்பில் விரிசல் இருந்தால், முன்னதாகச் சூடேற்றி, நிக்கல் கம்பியால் பற்றவைத்து, மெல்ல ஆறவிட்டுச் சரிசெய்யலாம், ஐயா. இங்கே பற்றுவதற்கு இரும்பே இல்லை. டீசல் எரியும்போது உருளைக்குள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 60 கிலோ அழுத்தம் உண்டாகிறது. இந்த உருளையின் விட்டம் 80 மில்லிமீட்டர். பரப்பு 50 சதுர சென்டிமீட்டர். ஆகவே 3,000 கிலோ எடைக்கு ஒப்பான இழுப்பு இச்சுவரின்மேல் விழும். அதுவும் நிமிடத்திற்கு 750 முறை. நான் பூசி மெழுகிக் கொடுத்துவிடலாம். கைப்பிடியைப் பிடித்துச் சுழற்றி ஓட்டப்போகிறவர் நீங்களும் உங்கள் மகனும் அல்லவா?”

உழவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “அப்படியானால் கழித்துவிடுங்கள்” என்றார்.

“கழிப்பது பிளாக்கை மட்டுமே” என்றார் மேஸ்திரி. “கிராங்க் தண்டு நன்றாக இருக்கிறது, டீசல் பம்பும் பெரிய சக்கரமும் பழுதில்லை. இதே அளவில் வேறொரு பிளாக் வாங்கினால் போதும். எஞ்சின் உங்களுடையதாகவே இருக்கும்.”

மகன் மெல்லச் சிரித்து, “நான் சொன்னதுதானே நடந்தது!” என்றான்.

“தம்பி, நீ சொன்ன முடிவு வந்தது, நீ சொன்ன காரணம் வரவில்லை. நீ பழித்த செந்துருவுக்கு அடியில் இரும்பு உறுதியாய் இருந்தது. உன் தந்தையார் நம்பிய வழவழப்பில்தான் கேடு இருந்தது. இன்று உன் சொல் பலித்தது. நாளை இதே கண்ணால் நல்ல எஞ்சினையும் எடைக்குப் போட்டுவிடுவாய்.”

இளைஞன் தலை கவிழ்ந்தான். உழவரோ பழைய பிளாக்கை ஒருமுறை தடவிப் பார்த்தார். அது வார்ப்பகத்து உலையை அடைந்து, ஏறத்தாழ 1,200 பாகை வெப்பத்தில் உருகி, மீண்டும் வேறொரு பொருளாய்ப் பிறக்கும் என்பதை மேஸ்திரி சொல்லக் கேட்டு, ஓரளவு ஆறுதல் கொண்டார்.

பத்து நாள் கழித்து, வடிகால் கரையில் எஞ்சின் மீண்டும் ஓடியது. புதிய பிளாக்கின் பக்கத்தில், தந்தை சுழற்றிய அதே பெரிய சக்கரம் சுழன்றது. வடிகால் நீர் உள்ளே செல்லாதவாறு, நல்ல நீர் நிரம்பிய தொட்டி ஒன்றை எஞ்சினுடன் இணைத்திருந்தான் மகன்.

வெறுப்பு ஒரு பொருளை விரைந்து எறியச் சொல்லும். பற்று அதனை விடாதே என்று தடுக்கும். தட்டியும் சுரண்டியும் அளந்தும் பார்த்த பின்னர்ப் பிறக்கும் துணிவே, காக்க வேண்டியதைக் காத்து, கழிக்க வேண்டியதைக் கழிக்கும்.