குரோட்டன்ஸ் தொட்டியில் ஒரு குடித்தனம்

நாய் வளர்ப்பார்கள், கிளி வளர்ப்பார்கள். தவளை வளர்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தால் பார்க்கலாம். அதாவது, அது வெளியே வர மனசு வைத்தால்!

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கோடையில், கொல்லையில் குரோட்டன்ஸ் தொட்டியைக் கிளறிக் கொண்டிருந்த என் சின்னவள், "அம்மா, மண்ணு அசையுது!" என்று கத்தினாள். உள்ளே கொழுக்கட்டை மாதிரி உருண்டையாக ஒன்று. முதுகில் செங்கல் நிறத் திட்டுகள். தொட்டதும் பூரி போல உப்பிக் கொண்டது.

பெரியவன் காலேஜில் விலங்கியல் படிக்கிறான். "மண்ணுக்குள்ள வாழற தவளைம்மா இது. யூபெரோடான் டாப்ரோபானிகஸ்னு பேரு" என்றான். டாப்ரோபானே என்பது இலங்கையின் பழைய பெயராம். இலங்கையிலும் நம் பக்கத்திலும் இது உண்டு. பின்னங்காலில் மண்வெட்டி மாதிரி கெட்டியான மேடு இருக்கிறது. அதனால் தோண்டிக் கொண்டே, உட்கார்ந்தபடி பின்பக்கமாக மண்ணுக்குள் இறங்கி விடுகிறது. தண்ணீரை வாயால் குடிப்பதில்லை. தோல் வழியே உறிஞ்சிக் கொள்கிறது. அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில், இதே போல மண் தோண்டும் தேரைகள் எட்டு, பத்து மாதம் கூடப் புதைந்து கிடந்து, மழையின் அதிர்வை உணர்ந்து வெளியே வருமாம்.

நாங்கள் அதை அடைத்து வைக்கவில்லை. வந்தால் வரட்டும், போனால் போகட்டும். தொட்டி நிழலில் இருக்க வேண்டும், மண் காயக் கூடாது, அவ்வளவுதான். உரம், பூச்சி மருந்து, சோப்புத் தண்ணீர் எதுவும் அதில் ஊற்றுவதில்லை; தோல் வழியே உள்ளே போய்விடுமே! எறும்பு, கரையான், ஈசல் என்று ராத்திரியில் தானே தேடித் தின்கிறது. குழந்தைகள் தொட்டால் மட்டும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

சென்ற வருஷம் என் நாத்தனார் பெண் எட்டு மாதக் குழந்தையோடு வந்து தங்கினாள். குழந்தை சவலையாக இருந்தது. விலா எலும்பு தெரிந்தது. தொடையில் தோல் தொங்கியது. எதிர்வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டு, "தேரை பாஞ்ச புள்ளை மாதிரி இருக்கே! வீட்டுக்குள்ளயே தேரையை வெச்சிருந்தா? முதல்ல அதைத் தூக்கி எறி" என்றார். "அத்தை, அதை எங்கயாவது விட்டுடுங்களேன்" என்று இவளும் அழ ஆரம்பித்து விட்டாள்.

பாட்டியின் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் காலத்தில் குழந்தையை நிறுத்துப் பார்க்கத் தராசு ஏது? கை கால் சூம்பி, வயிறு பருத்த பிள்ளை தேரை மாதிரித் தெரிந்தது. பழியும் தேரை மேல் விழுந்தது. தேங்காயில் பருப்பு இல்லை என்றாலும் தேரையைத்தானே சொல்கிறோம்! ஆனால் இவர்கள் வந்தே நாலு நாள்தான். குழந்தை இளைத்தது அவர்கள் ஊரில்.

"குழந்தைக்கு என்னம்மா கொடுக்கறே?" என்று கேட்டேன். பால் போதவில்லை என்று பாக்கெட் பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து கொடுத்திருக்கிறாள். பல் முளைத்த பிறகுதான் சாதம் ஊட்ட வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம்.

மறுநாளே டாக்டரிடம் போனோம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அதன் பின் தாய்ப்பாலோடு கெட்டியான மசித்த உணவும் தர வேண்டும், பல்லுக்காகக் காத்திருக்கக் கூடாது என்றார் அவர். ஒரு வயதுக்கு முன் பசும்பாலை முக்கிய ஆகாரமாக வைக்கக் கூடாதாம். குழைந்த பருப்பு சாதத்தில் நெய், கெட்டியான கேழ்வரகுக் கூழ், வாழைப்பழம், வேக வைத்த முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினோம். இரண்டு மாதத்தில் கன்னம் உப்பியது!

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மாதா மாதம் அங்கன்வாடியில் எடை பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு, மேல் கையின் நடுவில் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது கடுமையான ஊட்டக்குறைவு. மந்திரிப்பது, தாயத்து என்று நாளைக் கடத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓடுங்கள்.

தவளை இன்னும் எங்கள் தொட்டியில்தான் குடித்தனம் செய்கிறது. ஐப்பசி மழையில் அது கத்தினால், "உங்க வீட்டு ஆளு பேசறான் பாரு" என்று பாட்டியே இப்போது கூப்பிட்டுச் சொல்கிறார்.