பழைய காரும் நகராத சீட்டும்

பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் இஞ்சினைப் பார்ப்பார்கள். அடுத்து டிங்கரிங், பெயின்ட், பம்பரின் பளபளப்பு. சீட் முன்னும் பின்னும் நகர்கிறதா என்று பார்க்கத்தான் யாருக்கும் ஞாபகம் வராது.

ரிடையர் ஆன ஒரு பெரியவருக்கும் அப்படித்தான் ஆனது. அவருடையது பழைய அம்பாசடர். மாரிஸ் ஆக்ஸ்போர்டைப் பார்த்து உருவாகி 2014 வரை மேற்கு வங்கத்தில் தயாரான அதே வண்டிதான். கியர் ஸ்டியரிங் பக்கத்தில், முன்னால் ஒரே நீள சீட். செலவையெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதில் சீட் மெத்தைக்கும் உறைக்கும் கணக்கு இருந்தது. அடியில் இருந்த இரும்புக்கு ஒரு ரூபாய் கூட இல்லை. ஆறடி உயரம் உள்ளவர், அவருக்கு அதை நகர்த்தத் தேவையே வரவில்லை.

மகள் ஓட்ட உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

"அப்பா, கிளட்ச் எட்டலப்பா."

"முதுகுக்கு ஒரு தலையணை வெச்சுக்கோம்மா, சரியாயிடும்."

மகள் கேட்கவில்லை. இருவரும் சேர்ந்து லீவரை இழுத்துத் தள்ளியதில் சீட் கிறீச்சென்று முன்னால் வந்தது. அடுத்த நாள் பாலத்து ஏற்றத்தில் வண்டியை எடுக்கும்போது, அதே சீட் சடாரென்று பின்னால் போய்விட்டது. கிளட்சிலிருந்து கால் நழுவி, வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. நல்ல வேளை, முன்னால் யாரும் இல்லை. பிரேக் போட வேண்டிய நேரத்தில் இது நடந்திருந்தால்?

காரணம் சின்னதுதான். இந்த மாதிரி நீள சீட் இரண்டு இரும்புச் சேனல்களில் நகரும். லீவர் ஒரு பக்கம் இருக்கும். அடுத்த பக்கத்து லாக்கை ஒரு கம்பி இழுக்கும். கம்பி வளைந்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்தாலோ, பல் தேய்ந்தாலோ ஒரு பக்கம் மட்டும் மாட்டும். சீட் கோணலாக நிற்கும். பார்த்தால் மாட்டின மாதிரியே இருக்கும்.

ஒரு மெக்கானிக், "வெல்டிங் வெச்சு நிறுத்திடலாம் சார்" என்றார். அப்படிச் செய்தால் ஒரே ஒருவர் உயரத்துக்குத்தான் அந்தக் கார். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை.

போல்ட்களுக்கு ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, காலையில் சீட்டை முழுசாக வெளியே எடுத்தார்கள். சேனலுக்குள் கெட்டியான கிரீஸ், மண், இரண்டு காசு, ஒரு ஹேர்பின்! மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் போட்டுத் தேய்த்து, லேசாகப் புது கிரீஸ் தடவினார்கள். ஸ்பிரிங் இரண்டையும் மாற்றி, கம்பியை நிமிர்த்தினார்கள். பல் நன்றாக இருந்தது. தேய்ந்திருந்தால் அந்தப் பாகத்தையே மாற்றத்தான் வேண்டும். போல்ட் பிடிக்கிற தரைத் தகடும் துரு இல்லாமல் இருந்தது. தகடு இற்றுப்போயிருந்தால் மற்ற வேலை எல்லாம் வீண்.

திரும்ப மாட்டும்போதும் ஒரு விஷயம் உண்டு. ஒரு பக்கத்தை முதலிலேயே முறுக்கிவிடக் கூடாது. எல்லா போல்ட்டையும் லூஸாகப் போட்டு, சீட்டைக் கடைசி வரை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்த பிறகே இறுக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு சேனலும் ஒன்றுக்கொன்று நேராக அமையும்.

கடைசியில் வண்டியை நிறுத்தி வைத்தே சோதனை. லீவரைத் தொடாமல், பலம் கொண்ட மட்டும் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு நிலையிலும் "டக்" சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது. அதற்குப் பிறகுதான் பெரியவர் சாவியை மகளிடம் கொடுத்தார்.

உங்கள் வீட்டிலும் பழைய வண்டி இருக்கிறதா? பெயின்ட் அடிக்க நாள் குறிப்பதற்கு முன்னால், சீட்டை ஒரு தடவை தள்ளிப் பாருங்கள்.