வடகரையில் இரண்டு இரவுகள்

கடற்கரைக்குப் போவதென்றால் காலையில் போய் மாலையில் திரும்புவது என்பதே எமது குடும்பங்களில் பெண்களுக்குரிய வழக்கம். கரையில் பிறந்தவர்களைத் தவிர, இரவில் கடல் எப்படியிருக்கும் என்பது எம்மில் பலருக்குத் தெரியாது. கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் நாங்கள் ஐந்து பெண்கள் ஒரு வானில், காரைநகரிலிருந்து மணற்காடு வரை யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையோரம் பயணம் செய்தோம். இரண்டு கூடாரங்கள், மண்ணெண்ணெய் அடுப்பு, பாய்கள், தண்ணீர்க் கலன்கள் ஆகியனவே எமது பொதிகள்.

காரைநகர் கசூரினா கடற்கரையில் கடல் நெடுந்தூரம் ஆழமின்றிக் கிடக்கிறது. பகல் முழுவதும் குளித்துவிட்டு, உறவினர் ஒருவரின் பனங்காணியில் கூடாரம் அடித்தோம். பனங்காய்க் காலம் என்பதால் இரவுக்குச் சுடச்சுடப் பனங்காய்ப் பணியாரம் கிடைத்தது. படுக்கப் போகும்போதுதான் என் மச்சாள் உள்ளே வர மறுத்தார். "உங்களுக்கு இது பொழுதுபோக்கு. நான் 2009இல மாதக்கணக்காக் கூடாரத்துக்குள்ள கிடந்தனான். இனி ஏலாது" என்றார். நாங்கள் வற்புறுத்தவில்லை. அவர் வானின் இருக்கையில் படுத்துக்கொண்டார்.

மறுநாள் கீரிமலை. குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளினூடே இறங்கி, நிலத்தடியே ஓடி, இங்கே கடலின் விளிம்பில் நன்னீராக ஊறுகிறது. பெண்களுக்கெனத் தனியாக மதில் கட்டிய கேணி உண்டு. யார் பார்க்கிறார்கள் என்ற கூச்சமின்றி நீராட வாய்ப்பதன் அருமை பெண்களுக்குத்தான் தெரியும்.

கிழக்கே போகும் வழியில் மயிலிட்டி. 1990இல் இடம்பெயர்ந்த மக்களிடம் அதன் மீன்பிடித் துறைமுகம் 27 ஆண்டுகளின் பின்னர், 2017 ஜூலையிலேயே கையளிக்கப்பட்டது. அடுத்து, கப்பல் கட்டுதலுக்குப் பேர்போன வல்வெட்டித்துறை. இங்கு கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. பருத்தித்துறையைக் கடந்ததும் கரை தெற்கே திரும்புகிறது. பனையும் மதிலும் குறைந்து, மணல் மேடுகள் தொடங்குகின்றன.

மணற்காட்டில் பழைய அந்தோனியார் கோவிலின் சுவர்கள் பாதி மணலில் புதைந்து நிற்கின்றன. மணல் நகராதிருக்க நட்ட சவுக்குமரங்கள் காடாகியுள்ளன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்த ஊரிலும் பல உயிர்களைக் கொண்டு போனது. முன்பே பேசி வைத்தபடி, கடற்றொழில் குடும்பமொன்றின் முற்றத்தில் கூடாரம் அடித்தோம். வீட்டுக்காரப் பெண் ஒடியல் கூழ் காய்ச்சித் தந்தார்.

மச்சாள் வெளியே பாய் விரிப்பதைக் கண்டு அவர் காரணம் கேட்டார். கேட்டதும், "நாங்களும் சுனாமிக்குப் பிறகு கூடாரத்திலதான் இருந்தனாங்கள், அக்கா. பகலில வெக்கை, மழைக்கு ஒழுக்கு, உடுப்பு மாத்தவும் மறைவில்லை" என்றபடி பக்கத்தில் அமர்ந்துகொண்டார். இருவரும் நள்ளிரவு தாண்டியும் கதைத்துக்கொண்டிருந்தனர். பிறகு காற்றுக் கூடியதும் மச்சாள் எழுந்து வந்தார். "வாசலை மட்டும் பூட்டிப் போடாதேங்கோ" என்று சொல்லி, தலையை வாசல் பக்கம் வைத்துப் படுத்தார். விடியும் வரை நன்றாக உறங்கினார்.

இப்படிப் பயணம் செய்ய விரும்பும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். தனித்த கரையில் கூடாரம் அடிக்காதீர்கள். கடற்றொழிலாளர் சங்கத்திடமோ கிராம அலுவலரிடமோ முன்கூட்டியே பேசி, வீட்டு முற்றம் கேளுங்கள். உணவுக்கும் இடத்துக்கும் பணம் கொடுங்கள். அது அந்த வீட்டுப் பெண்ணின் கைக்குப் போகட்டும். தண்ணீரை அளந்து பாவியுங்கள். மணலின் கீழே மழைநீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாகவே மிதக்கிறது. அதிகம் இறைத்தால் அவர்களுடைய கிணறுதான் உவராகும். ஊரார் காட்டாத இடத்தில் கடலில் இறங்காதீர்கள். குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

பொறுப்பானவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். இரண்டு நாட்களும் எமது பயணத்தின் தங்குமிடங்களைத் தீர்மானித்தது காட்சியழகு அல்ல, மலசலகூடம் எங்கே உண்டு என்பதே. கரையோரம் பூட்டும் தண்ணீரும் உள்ள கழிவறைகள் சில அமைந்தால், தாய்மாரும் பிள்ளைகளும் கடலைப் பார்க்கத் தாமாகவே வருவார்கள்.