ஆற்றுக்கு மேலே ஒரு மூங்கில் நிலம்

மட்டக்களப்பு வாவியைப் பாதையில் ஏறிக் கடந்து பழகியவர்களுக்கு மாஜுலிப் பயணம் அவ்வளவு புதிதாக இருக்காது. அதே டீசல் மணம், அதே மோட்டார் சைக்கிள்கள், கூடையை மடியில் வைத்துக் குந்தியிருக்கும் அதே ஆச்சிமார். ஆறுதான் வேறு. இந்தியாவின் வடகிழக்கே, அஸாம் மாநிலத்து ஜோர்ஹாட் நகருக்கு அண்மையிலுள்ள நிமாதித் துறையில் படகேறினால், பிரம்மபுத்திராவின் மணல் திட்டுகளுக்கிடையே வளைந்து வளைந்து போய்க் கமலாபாரித் துறையை அடைய ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது. ஆற்றின் நடுவே ஒரு மாவட்டமே இருக்கிறது. 2016 இல்தான் மாஜுலியைத் தனி மாவட்டமாக்கினார்கள். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்னிருந்த தீவில் பாதிக்கு மேல் இப்போது இல்லை. ஆறு அரித்துக்கொண்டு போய்விட்டது. 1950 ஆகஸ்ட் 15 இல் ஏற்பட்ட பெரும் பூமியதிர்ச்சிக்குப் பின் ஆற்றின் அடிமட்டம் உயர்ந்ததால் வெள்ளமும் அரிப்பும் இன்னும் மோசமாயின.

வெள்ள அனர்த்தம் பற்றிய பயிற்சி ஒன்றுக்காக 2018 பெப்ரவரியில் அங்கு சென்றிருந்தோம். பயிற்சியில் கேட்டதைவிட, மிசிங் இனத்துப் பெண்ணொருவரின் வீட்டில் இருந்த அரை நாளில் நான் அறிந்துகொண்டது அதிகம்.

மிசிங் மக்களின் வீட்டைச் 'சாங் கர்' என்கிறார்கள். கால்களின் மேல் நிற்கும் நீண்ட வீடு. படி வெட்டிய மரக்குற்றியில் ஏற வேண்டும். ஏறி முதல் அடியை வைத்ததும் நிலம் எனக்குக் கீழே மெல்ல இறங்கி, பிறகு உயர்ந்தது. நான் கொஞ்சம் பருமனான ஆள். பயந்துபோய் வளையைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நடவுங்கள் பாய்தேவ், அது உங்களைத் தாங்கும்" என்றார். பாய்தேவ் என்றால் அஸாமிய மொழியில் அக்கா. அவர் என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். மரியாதைக்காக அப்படி அழைக்கிறார்கள் என்று மொழிபெயர்த்த கல்லூரி மாணவி சொன்னாள்.

நிலம் முழுவதும் மூங்கில். முழு மூங்கில்களைக் குறுக்கே அடுக்கி, அவற்றின் மேல் பிளந்து தட்டையாக்கிய மூங்கிலை விரித்திருந்தார்கள். இடுக்குகளால் கீழேயிருந்து காற்று வருகிறது. கீழே பார்த்தால் பன்றியும் கோழியும் நிற்கின்றன, ஒரு பக்கம் தறி. தறியில் மருமகள் இருந்தாள். வெள்ளம் வந்தால் தறியை மேலே ஏற்றிவிடுவார்களாம்.

நான் கேட்ட முதற் கேள்வி, எங்கள் படிவங்களில் வழக்கமாகக் கேட்கும் கேள்விதான். "இந்த நிலம் எத்தனை வருஷம் நிற்கும்?"

அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. மாணவி இரண்டு தடவை கேட்டபின், என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினார். நடுவில் அடுப்படி. அதைச் சுற்றியுள்ள மூங்கில் புகை குடித்துக் கருத்து, எண்ணெய் பூசியதுபோல் மினுங்கியது. அது மூத்த மகனின் கலியாணத்துக்கு முன் போட்டது. தண்ணீர்க் குடங்கள் வைக்கும் மூலை போன மாரியில் மாற்றியது. வாசலடியில் இரண்டு பட்டி மட்டும் பச்சை மஞ்சளாக இருந்தன. அவை அந்த மாதம் போட்டவை. ஒரே நிலத்தில் பல வயதுகள்! எது பழுதோ அதை உருவிவிட்டுப் புதிதைச் செருகுகிறார்கள்.

மூங்கில் நிலைப்பது அதை எப்போது வெட்டுகிறோம், எப்படிப் பதப்படுத்துகிறோம் என்பதில்தான் இருக்கிறது. மூன்று வயதுக்குக் குறைந்ததை இவர்கள் வெட்டுவதில்லை. மாவுச்சத்துக் குறைந்திருக்கும் குளிர்காலத்தில் வெட்டுவார்கள். பிறகு சில வாரங்கள் ஆற்றிலோ குளத்திலோ அமிழ்த்தி வைப்பார்கள். உளுவண்டு தேடி வருவது மாவுச்சத்தைத்தான். அது தண்ணீரில் கரைந்துபோனால் வண்டுக்கு அங்கு வேலையில்லை. மிச்சத்தை அடுப்புப் புகை பார்த்துக்கொள்கிறது. பாலுகா என்ற தடித்த இனம் கால்களுக்கு, ஜாதி என்ற இனம் பிளப்பதற்கு. பதப்படுத்தாத மூங்கில் மண்ணில் பட்டால் ஒன்று முதல் மூன்று ஆண்டுதான். கூரைக்கடியில் நான்கு முதல் ஏழு. போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தால் பத்தைத் தாண்டும். ஆனால் மழையில் நனையும் இடத்தில் அந்த மருந்தும் கழுவுண்டு போய்விடும்.

கடைகளில் 'மூங்கில் தளம்' என்று விற்கும் பலகைகளைப் பற்றிச் சில வாசகிகள் கேட்கக்கூடும். அது வேறு பொருள். மூங்கிலைக் கீற்றாக்கிப் பசையிட்டு அழுத்திச் செய்வது. நாராகச் சிதைத்து அழுத்தியது பல மரங்களை விடக் கடினமானது. அவித்துக் கபில நிறமாக்கியது சற்று மென்மையானது. இரண்டுக்குமே தேங்கும் தண்ணீர் ஆகாது, ஊதிவிடும். வாளித் தண்ணீர் ஊற்றி நிலம் கழுவும் எங்கள் பழக்கத்துக்கு அது ஒத்துவராது என்பதே என் எண்ணம்.

அடுப்படியில் அமர்ந்து தேநீர் குடிக்கையில் எனக்கு 2011 ஜனவரி வெள்ளம் நினைவுக்கு வந்தது. பட்டம் முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. வீடிழந்தோரின் விபரம் திரட்டப் போனோம். 'நிலம்: சீமெந்து / மண் / வேறு' என்று படிவத்தில் இருக்கும். சீமெந்துக்குப் புள்ளடி விழுந்தால் நிரந்தர வீடு, மற்றதெல்லாம் தற்காலிகம். மூன்று பிள்ளைகளின் தாயொருத்தி கேட்டா, "பிள்ளை, நிலத்தக் கொஞ்சம் உசத்தித் தர ஏலாதா?" வரைபடத்தில் அதற்கு இடமில்லை என்றேன். பொய்யில்லை, இடமிருக்கவில்லைதான். ஆனால் மேலே எழுதிக் கேட்டுப் பார்த்திருக்கலாம், கேட்கவில்லை. 2014 டிசெம்பர் வெள்ளத்தில் அந்தப் புதிய வீட்டின் சீமெந்து நிலத்துக்கு ஒரு கீறலும் விழவில்லை. அவவும் பிள்ளைகளும் மூன்று இரவு பாடசாலை மண்டபத்தில் படுத்தார்கள்.

இதை மாணவி மூலம் சொன்னபோது, வீட்டுக்காரி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, தன் வீடு இப்போது நிற்பது மூன்றாவது இடம் என்றார். இரண்டு தடவை கரை இடிந்து வந்தபோது கழற்றிக்கொண்டு பின்னால் போனார்களாம். முதல் வீட்டின் இரண்டு வளைகள் இன்னும் கூரையில் இருக்கின்றன, காட்டினார். அயலில் அரச உதவியில் கட்டிய கல்வீட்டை ஆற்றோரத்தில் அப்படியே விட்டுப் போக நேர்ந்தவர்களும் உண்டு. கல்வீடு வேண்டாமென்று அவர் சொல்லவில்லை. ஒன்று தந்தால் வாங்குவேன், ஆனால் அதையும் கால்களின் மேல் கட்டித் தர வேண்டும் என்றார். மூங்கில் வெட்டுவதும் பிளப்பதும் ஆண்கள் வேலை. மகன்மார் கூலிக்கு வெளியூர் போனபின் பட்டி மாற்ற ஆளில்லாமல் அந்த மூலை ஒரு வருஷம் ஓட்டையாகவே கிடந்ததாம்.

ஊருக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு, பூமியதிர்ச்சி, இடம் மாறிய வீடு எதுவும் அவவை அசைக்கவில்லை. சாணி மெழுகிய நிலத்திலே பிறந்து வளர்ந்தவ. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டா: "கூட்டினாக் குப்பையெல்லாம் இடுக்கால கீழ விழுந்திருமா மகள்? குனிஞ்சு அள்ளத் தேவையில்லையா?"