சட்டைக்கையில் ஒரு சின்னம்

சாரணர் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் படித்தவர்களுக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வரும். புகாரை விட்டுப் புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு அரங்கத்துப் பொழிலை அடையும்போது அங்கே தோன்றும் சமண முனிவரைச் சாரணர் என்றே இளங்கோ குறிப்பிடுகிறார். வான்வழி இயங்கும் ஆற்றல் உடையவர் அவர். செய்த வினை தன் பயனை ஊட்டாமல் நீங்காது என்று உணர்த்திவிட்டுப் போகிறவர். அதே சொல்லுக்கு ஒற்றர் என்றும் ஒரு பொருள் உண்டு. 'ஸ்கவுட்' என்பதற்குச் சாரணர் என்று தமிழில் பெயர் வைத்தவர்கள் இந்த இரண்டாவது பொருளைத்தான் கருதியிருக்க வேண்டும். எங்களுக்கு வாய்த்ததென்னவோ முதற்பொருள்.

நாங்கள் ஏழு பேர். 1995-இல் திருச்சிக்கு வடக்கே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவர்கள்; சாரணர் படையில் கழுகு அணி. இன்று எங்களில் ஒருவர் வங்கியில் இருக்கிறார், ஒருவர் துபாயில் இருக்கிறார், ஒருவர் உரக்கடை வைத்திருக்கிறார். இதை எழுதுபவர் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறார். ஆயினும் 'நான்' என்று எழுதக் கை வரவில்லை. செய்ததை ஆறு பேரும் சேர்ந்தே செய்தோம். ஏழாமவன் செய்யவில்லை என்பதுதான் சொல்லவந்த செய்தி.

சாரணியத்தில் ஏறிச் செல்லப் படிகள் உண்டு. பிரவேசம், பிரதம சோபானம், துவிதீய சோபானம், திருதீய சோபானம், அதன்பின் ராஜ்ய புரஸ்கார், முடிவில் குடியரசுத் தலைவர் விருது. சோபானம் என்றாலே படிக்கட்டு. இப்படிகளில் ஏறிச் செல்லும்போது சமையல், முதலுதவி என்று ஒவ்வொரு திறனுக்கும் ஒரு துணிச் சின்னம் பெற்றுச் சட்டைக்கையில் தைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் அதை 'பேட்ஜ்' என்போம். இவ்வியக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் 1907-இல் பிரவுன்சீ தீவில் தம் முதல் முகாமை நடத்தியவர். இச்சின்னங்களுக்குச் சிறுவனின் தேர்ச்சியைவிட அவன் எடுக்கும் முயற்சியே அளவுகோல் என்று வற்புறுத்திவந்தவர். இந்தியச் சிறுவர்களுக்குத் தொடக்கத்தில் அவ்வியக்கத்தில் இடமில்லை. அன்னி பெசன்டும் அருண்டேலும் 1916-இல் சென்னையில் தனியாக ஒரு சாரணர் சங்கம் தொடங்க வேண்டியிருந்தது. அப்படிப் போராடிப் பெற்ற ஒன்றைத்தான் சட்டையில் அணிந்திருந்தோம் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது.

சமையல் சின்னத்தை நாங்கள் உண்மையாகவே உழைத்துப் பெற்றோம். பள்ளிக்குப் பின்னாலிருந்த வேப்பமரத்தடியில் மூன்று கல் கூட்டி, ஈர விறகோடு மல்லுக்கட்டி, கண்ணெல்லாம் சிவக்கச் சோறு பொங்கினோம். தேர்வாளராக வந்த ஆசிரியை ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்தார். "நடுவுல அரிசியாவே இருக்கேப்பா" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்திடாமல் போய்விட்டார். மறுவாரம் மீண்டும் பொங்கினோம். இம்முறை அவர் இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்தச் சின்னத்தைத் தைத்துக்கொண்ட நாளில் நாங்கள் தெருவில் கையை விறைப்பாக வைத்துக்கொண்டு நடந்தது இன்னும் நினைவிருக்கிறது.

முதலுதவிச் சின்னத்தின் கதை வேறு. ராஜ்ய புரஸ்கார் தேர்வு முகாமுக்குப் பட்டியல் அனுப்ப இரண்டு நாள்தான் இருந்தது. தேர்வாளராக வரவேண்டிய மருத்துவப் பணியாளர் வரவில்லை. எங்கள் சாரண ஆசிரியர் கணக்கு ஆசிரியரும்கூட. சல்லிக்காசு கூடுதல் ஊதியம் இல்லாமல் எங்களுக்காகச் சனிக்கிழமைகளை விட்டுக்கொடுத்தவர், முகாமுக்குப் போக வழியில்லாத பிள்ளைகளுக்குத் தம் பையிலிருந்து பேருந்துக் கட்டணம் கொடுத்தவர். எங்கள் ஆண்டு வீணாகிவிடக் கூடாதே என்ற கவலை ஒன்றுதான் அவருக்கு. பதிவேடுகளை மேசைமேல் அடுக்கச் சொல்லி, தேர்வாளரிடம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வரிசையாக ஒப்பமிட்டார். ஏழாவது பதிவேட்டுக்கு உரியவன் அதை மேசைமேல் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"சார், எனக்கு இன்னும் கட்டுப் போட வரலே சார்."

"அதனால என்னடா? முகாம் முடிஞ்சதும் சொல்லித் தரேன். கொடு."

"வந்ததுக்கப்புறம் வாங்கிக்கிறேன் சார்."

அவர் சிறிது நேரம் அவனைப் பார்த்துவிட்டு, பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். வெளியே வந்ததும் நாங்கள் அவனை 'அரிச்சந்திரா' என்று அழைத்துச் சிரித்தோம். அவன் தையற்காரர் மகன். அன்று மாலை எங்கள் ஆறு பேரின் சட்டையிலும் புதுச் சின்னத்தைத் தைத்துக் கொடுத்தவர் அவனுடைய அப்பாதான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தான்.

அடுத்து வந்தது ஆடிப்பெருக்கு. திருவரங்கத்து அம்மா மண்டபத்தில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் பணிக்கு எங்களை அனுப்பியிருந்தார்கள். புதுமணத் தம்பதிகள், மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி, சித்திரான்னப் பாத்திரங்கள் எனப் படித்துறை முழுதும் கால்வைக்க இடமில்லை. பத்து மணியளவில் பாசிபடிந்த கீழ்ப்படியில் ஒரு மூதாட்டி வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு கோணிக்கொண்டு நின்றது. உடன் வந்த பெண் அலறினார். அருகிலிருந்த காவலர் எங்களைச் சுட்டிக்காட்டி, "பயப்படாதம்மா, இந்தப் பசங்களுக்கு முதலுதவி தெரியும். பேட்ஜ் போட்டிருக்காங்க பாரு" என்றார்.

கூட்டம் விலகி வழிவிட்டது. எங்களால் பின்வாங்க முடியவில்லை. கழுத்து ஸ்கார்ஃபை அவிழ்த்தோம். அதை விரித்தால் முக்கோணம். தொட்டிலாகக் கட்டிக் கையைத் தாங்கலாம் என்ற அளவுக்குப் படத்தில் பார்த்திருந்தோம். எலும்பு முறிவுக்கு முதலில் அசையாமல் ஏதேனும் வைத்துக் கட்ட வேண்டும். அங்கே கிடந்த செய்தித்தாளைச் சுருட்டி வைத்திருந்தாலே போதும். அது எவருக்கும் தோன்றவில்லை. ஒருவன் கையைத் தூக்கினான், ஒருவன் துணியை இழுத்தான். மூதாட்டி, "மெதுவாப்பா, மெதுவாப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிடரிக்குப் பின்னால் முடிச்சைப் போட்டு நிமிர்ந்தோம். அவர் இரண்டு படி ஏறுவதற்குள் முடிச்சு வழுகிக் கை தொங்கியது. அந்தக் குரலை எழுத்தில் கொண்டுவர இயலாது.

சாரணர்கள் முதலில் கற்பது 'ரீஃப் நாட்'. வலதை இடதின்மேல், பிறகு இடதை வலதின்மேல். இழுக்க இழுக்க இறுகும், உடம்பில் உறுத்தாமல் தட்டையாகப் படியும், வேண்டும்போது எளிதில் அவிழும். கட்டுகளுக்கு அதைத் தேர்ந்தது அதனால்தான். ஒரே பக்கத்தை இருமுறை மேலே கொண்டுவந்துவிட்டால் பார்வைக்கு ஏறக்குறைய அதே முடிச்சு கிடைக்கும். பாரம் ஏறியதும் வழுகிவிடும். தடியிலும் கயிற்றிலும் நூறு முறை சரியாகப் போட்ட அதே முடிச்சுதான். நடுங்கும் ஓர் உடம்பின்மேல் ஒருமுறையும் போட்டுப் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டில் 108 ஊர்திகள் ஓடத் தொடங்கியது 2008-இல். அன்று காவலர்தான் ஓர் ஆட்டோவை மறித்து நிறுத்தினார். ஏறி உட்கார்ந்தபின் மூதாட்டி நல்ல கையை எங்கள் பக்கம் நீட்டி, "நல்லா இருங்க ராசா. உங்களைப் பெத்தவங்க புண்ணியம் பண்ணவங்க" என்றார். அவர் திட்டியிருந்தால் ஒரு மாதத்தில் மறந்திருப்போம்.

அன்றிரவு ஆறு பேரும் தையற்கடைக்குப் போனோம். எவரும் வரச்சொல்லவில்லை, கால் போன வழி அதுவாக இருந்தது. அவன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அரசு மருத்துவமனைக்குச் சைக்கிளில் போய், ஒரு செவிலியரிடம் கட்டுப்போடக் கற்றுவந்த செய்தி அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் நடந்ததைச் சொல்லி முடித்ததும் அவன் வெட்டுத்துணி மூட்டையை அவிழ்த்து, எங்களில் ஒருவனை முக்காலியில் உட்காரவைத்தான். விரல்கள் முழங்கையைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். முடிச்சு கழுத்தெலும்பில் அழுத்தாமல், காறை எலும்புக்கு மேலுள்ள பள்ளத்தில் அமர வேண்டும். கட்டியபின் நகத்தை அழுத்தி விட்டு, இரத்தம் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். கடை சாத்தும்வரை ஒருவர் கையை ஒருவர் கட்டிக்கொண்டிருந்தோம். அரிச்சந்திரா என்று அதன்பின் எவரும் அவனை அழைக்கவில்லை.

சின்னத்தைப் பிரித்தெடுத்தோமா என்று கேட்டால், இல்லை. முகாமுக்குப் போனோம், ஆளுநர் பெயரால் வழங்கப்படும் சான்றிதழையும் பெற்றோம். எங்களில் ஒருவருக்கு வேலை நேர்காணலில் அதுவே கைகொடுத்தது. தையற்காரர் மகன் சில வாரங்கள் கழித்து முறைப்படி தேர்வெழுதிச் சின்னம் பெற்றான். பட்டியல் அதற்குள் போய்விட்டிருந்தது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் அப்பாவோடு கடையில் உட்கார்ந்துவிட்டான். ஏழு பேரில் ராஜ்ய புரஸ்கார் இல்லாதவன் அவன் ஒருவனே.

சின்னம் அணிந்தவனுடைய பெருமைக்காக ஏற்பட்டது என்றே அதுவரை எண்ணியிருந்தோம். எதிரில் வரும் முன்பின் தெரியாத ஒருவருக்கு நாம் கொடுக்கும் வாக்கு அது என்று அம்மா மண்டபப் படியில்தான் விளங்கியது. அந்த மூதாட்டிக்கு எங்கள் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. இரண்டு அங்குலத் துணி ஒன்றை நம்பி முறிந்த கையை நீட்டினார். சாரண விதிகளில் முதலாவது, சாரணர் நம்பத்தக்கவர் என்பது. அதை நாங்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் மூன்று விரல் உயர்த்திச் சொல்லிவந்தோம்.

எங்களில் இதை எழுதுபவரின் மேசைக்குப் பருவந்தோறும் படிவங்கள் வருகின்றன. வருகைச் சான்று, களப்பணிச் சான்று, பயிற்சி முடித்ததற்கான சான்று. "ஐயா, நாளைதான் கடைசி நாள், கையெழுத்து மட்டும் போதும்" என்று நிற்கும் மாணவரின் முகத்தில் உண்மையான அச்சம் இருக்கிறது. எதிரில் அமர்ந்திருப்பவருக்கும் அந்தக் கணக்கு ஆசிரியருக்கிருந்த அதே இரக்கம் இருக்கிறது. பல நேரம் மறுத்திருக்கிறார். மறுக்காத நேரங்களும் உண்டு. அப்படி ஒப்பமிட்ட தாளை நம்பி எந்த ஊரில் எந்தக் குழந்தை எவர் முன்னால் அமர்ந்திருக்கிறதோ என்ற எண்ணம், பேனாவை மூடியபின்தான் வருகிறது.

சென்ற ஆடிப்பெருக்கன்று நால்வர் ஒன்றுகூட முடிந்தது. பேச்சு தையற்கடையில் போய் முடிந்தது. நண்பரின் மகள் இப்போது சாரணியர் படையில் இருக்கிறாள். மறுவாரம் முதலுதவித் தேர்வு. எங்களில் ஒருவரை அதே இடத்தில் முக்காலியில் உட்காரவைத்து, கையை மடித்து, துணியைச் சுற்றிக் கட்டினாள். முடிச்சை இருபுறமும் இழுத்துப் பார்த்தாள். நகத்தை அழுத்தி, நிறம் திரும்பும்வரை காத்திருந்தாள். பிறகு குனிந்து முகத்தைப் பார்த்து, "வலிக்குதா மாமா? இறுக்கமா இருக்கா?" என்று கேட்டாள்.

அன்று அந்த மூதாட்டியிடம் நாங்கள் ஆறு பேரும் இதைக் கேட்கவில்லை.