தாமரைக் கண்மாய்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, பிடித்த இடத்தை வரையுங்கள் என்று சொன்னால் முப்பது பேரில் இருபத்தைந்து பேர் ஒரே படத்தைத்தான் வரைவார்கள். கூம்பு கூம்பாக இரண்டு மலை. நடுவில் பாதிச் சூரியன். மலையிலிருந்து வளைந்து இறங்கும் ஓர் ஆறு. கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை. வானத்தில் டிக் போட்டது போல நாலு பறவை.

புதுக்கோட்டைச் சீமையில் அப்படியொரு மலை கிடையாது. எங்கள் பக்கத்து மலைகள் மொட்டைப் பாறைகள், யானை படுத்துக் கிடப்பது மாதிரி இருப்பவை. வற்றாத ஆறும் கிடையாது. வெள்ளாறு மழைக்கு ஓடும், மற்ற நாளில் மணலாகக் கிடக்கும். எங்களுக்கு இருப்பது கண்மாயும் ஊருணியும்தான். இருபது வருடத்துக்கு மேலாக டிராயிங் வாத்தியாராக இருக்கிறேன். கண்மாயை வரைந்த பிள்ளையை விரல்விட்டு எண்ணிவிடலாம். பாதிப் பிள்ளைகள் அந்தக் கரை மேல்தான் நடந்து பள்ளிக்கூடம் வருகிறார்கள்.

குறையைப் பிள்ளைகள் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. வாரத்துக்கு இரண்டு டிராயிங் பீரியட். அதில் ஒன்றைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். "குடுங்க சார், போர்ஷன் முடிக்கணும்" என்பார். மிச்சமிருக்கும் நாற்பது நிமிடத்தில் நானும் கரும்பலகையில் அந்த இரண்டு மலையைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன். சீக்கிரம் முடியும், பார்க்கவும் அழகாக இருக்கும்.

மேற்கூரையில் ஒரு குளத்தையே தீட்டி வைத்த சமணக் குடைவரை ஒன்று எங்கள் பக்கத்திலேயே, சித்தன்னவாசலில் இருக்கிறது. அங்கே நான் முதன்முதலாகப் போனது மாணவனாக. ஒரு இன்பச் சுற்றுலாவின் நடுவே அங்கே பஸ்ஸை நிறுத்தினார்கள். உள்ளே போய் அண்ணாந்து பார்ப்பதற்குள் வெளியே விசில் ஊதிவிட்டது. தலை எண்ணி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். என் நினைவில் நின்றது கழுத்துவலி மட்டும்தான். பிற்பாடு ஓவியம் படித்து, அதே மேற்கூரையைப் புத்தகத்தில் வண்ணப்படமாகப் பார்த்தபோது, இதன் அடியிலா நின்றுவிட்டு வந்தேன் என்று துக்கமாக இருந்தது. என் பிள்ளைகளுக்கு அது நேரக்கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன். நினைத்ததைச் செய்ய இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை, ஒரு வேன் பிடித்து முப்பத்திரண்டு பிள்ளைகளுடன் சித்தன்னவாசலுக்குக் கிளம்பினோம். முந்தின நாளே ஒன்று சொல்லியிருந்தேன். வீட்டில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி இருந்தால் கொண்டுவர வேண்டும், உடைந்த சில்லாக இருந்தால் விளிம்பில் துணி சுற்றிக் கொண்டுவர வேண்டும். எதற்கு என்று சொல்லவில்லை. வேனில் ஆளாளுக்குக் கண்ணாடியில் வெயிலைப் பிடித்து அடுத்தவர் முகத்தில் அடித்துக்கொண்டு வந்தார்கள்.

வெயில் ஏறுமுன் மலைமேல் இருக்கும் ஏழடிப்பட்டத்துக்குப் போய்விட்டோம். கிழக்குச் சரிவில், பாறை குடை மாதிரி கவிழ்ந்த இடத்தில் பதினேழு கற்படுக்கைகள். சமண முனிவர்கள் படுத்த இடம். தலைமாட்டில் தலையணை போலக் கல்லையே மேடாக விட்டிருக்கிறார்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க முடியும். பெரிய படுக்கையில் தமிழி எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இரண்டாயிரம் வருடம் பழையது. எருமை நாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காகச் செய்து கொடுத்த இருக்கை என்று அதைப் படித்திருக்கிறார்கள். எருமை நாடு என்பது மைசூர்ப் பக்கம் என்பது கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவனின் கருத்து. மைசூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மனிதர் நடந்தே வந்து, இந்தப் பொட்டலில், இந்தக் கல்லில் படுத்திருக்கிறார். இந்த ஊர்க்காரர்கள் அவருக்குப் படுக்கை செதுக்கி, பேரையும் ஊரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்தவருக்கு இடம் கொடுத்ததைக் கல்லில் எழுதிய ஊர் இது என்று சொன்னேன். "எருமைன்னு ஒரு நாடா சார்?" என்று ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது.

கீழே இறங்கி, ஓவியம் இருக்கும் அறிவர் கோயிலுக்கு வந்தோம். குடைவரை சின்னது. ஒரே சமயத்தில் எல்லாரும் உள்ளே நிற்க முடியாது. காவலர் எட்டு எட்டுப் பேராக உள்ளே விட்டார். மேலே பார்க்காதீர்கள், கண்ணாடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குனிந்து பாருங்கள் என்றேன்.

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. தலைக்கு மேல் இருந்த தாமரைக் குளம் எட்டு உள்ளங்கைகளில் இறங்கியிருந்தது. கை லேசாக ஆடினால் குளமும் தளும்பியது. பச்சை இலைகள், அவற்றின் முன்னால் மொட்டும் மலருமாகத் தாமரைகள், இடையில் மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள். பூப்பறிக்கும் மூன்று ஆண்கள். மேற்கூரையில் இருக்கும்போது ஏதோ தெய்வலோகமாகத் தெரிகிற குளம், கைக்குள் வந்ததும் குனிந்து அள்ளலாம் போலத் தண்ணீராகிவிட்டது.

பூப்பறிக்கிறவர்களில் ஒருவர் வலக்கையால் தாமரையைப் பற்றியிருக்கிறார். இடக்கை மடிப்பில் பூக்கூடை தொங்குகிறது. நான் அந்தக் கோட்டின் ஓட்டத்தைப் பற்றி, தோளிலிருந்து இடுப்புக்குத் தூரிகை தயங்காமல் இறங்கியிருப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரும் பையன் ஒருவன், வாய் திறந்து நான் பார்த்திராதவன், "கூடைய ஏன் சார் முழங்கையில மாட்டியிருக்காரு, தெரியுமா?" என்று கேட்டான்.

"ஏன்?"

"கைல புடிச்சா ஒரு கை போயிரும் சார். முழங்கையில மாட்டிக்கிட்டா ரெண்டு கையும் ஒழியும். தண்டு வழுக்கும், அடியில ஒரு கை பிடிச்சு இழுக்கணும். எங்க அப்பாயிகூட அப்படித்தான் மாட்டிக்கும்."

ஆடிக்கும் தைக்கும் தாமரை பறித்து விற்கிற குடும்பம் அவனுடையது. எனக்கு அதுவரை தெரியாது. கூடை ஏன் அங்கே தொங்குகிறது என்று இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை. அதை உடல்வளைவுக்குத் தோதான ஓர் அழகு என்று மட்டும் நினைத்திருந்தேன். வரைந்தவர் கண்மாயில் இறங்கியவர், இல்லாவிட்டால் இறங்கியவர்களை நெடுநேரம் பார்த்தவர். அந்தப் பையன் சொன்ன பிறகுதான் எனக்கு இது உறைத்தது. அதுவரை நான் அவனுக்கு ஓவியம் பார்க்கக் கற்றுக்கொடுப்பதாக எண்ணியிருந்தேன். அதற்குப் பிறகு அவன் முன்னால் நடந்தான், நாங்கள் பின்னால் போனோம். எருமை தண்ணீரில் எவ்வளவு முங்கியிருக்கிறது, மீன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அவன் சொல்லச் சொல்ல, மற்ற பிள்ளைகள் கண்ணாடியைத் திருப்பித் திருப்பித் தேடினார்கள்.

பாறையின் மேல் சில மில்லிமீட்டர் கனத்துக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசி, அது காய்ந்தபின் தீட்டியது இது. சுண்ணாம்பு வெள்ளை, கரிக்கறுப்பு, காவிக்கல்லின் மஞ்சளும் சிவப்பும் என்று பெரும்பாலும் மண்ணும் கல்லும் தந்த நிறங்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் கலர் பெட்டி வாங்க முடியாத பிள்ளைகளே அதிகம். காவிக்கல்லும் அடுப்புக்கரியும் அவர்கள் வீட்டுப் பக்கத்திலேயே கிடக்கின்றன என்றபோது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். 1920 வாக்கில் கோபிநாத ராவும் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேயும் எழுதிய பிறகுதான் இந்த ஓவியங்கள் வெளியுலகுக்குத் தெரியவந்தன. 1930களின் இறுதியில் வேதியியலாளர் எஸ். பரமசிவன் புகையும் அழுக்கும் நீக்கிச் சுத்தம் செய்தார். அதற்குப் பிறகும் சேதம் நிற்கவில்லை. தூணில் தீட்டியிருக்கும் ஆடற்பெண்ணின் இடுப்புக்குக் கீழே சாந்து உதிர்ந்திருக்கிறது. கீறல்களும் இருக்கின்றன. பேர் எழுதுகிற கைகள் எங்கேயும் இருக்கின்றன. எங்கள் வகுப்பு பெஞ்சிலும் காம்பஸ் முனையால் செதுக்கிய பேர்கள் உண்டு. தூணருகே நின்றிருந்த இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இது எந்தக் குளம் என்று கேட்டார்கள். தீர்த்தங்கரர் உபதேசிக்கும் சபைக்குச் சமவசரணம் என்று பெயர். தேவர், மனிதர், விலங்கு என்று எல்லா உயிரும் உட்கார்ந்து கேட்கிற இடம். அங்கே போகும் வழியில் உள்ள நீர்நிலை இது. கேட்கப் போகிறவர்கள் இதில் இறங்கிக் கால் கழுவி, பூப்பறித்துக்கொண்டு போகிறார்கள் என்றேன். "எல்லாரும் எறங்கலாமா சார்?" என்றாள் ஒரு பெண். எல்லாரும் இறங்கலாம் என்றேன். அடுத்து அவள் கேட்டாள்: "வேங்கைவயல் இங்கனதான சார் இருக்கு?"

ஆமாம். அதுவும் இதே அன்னவாசல் ஒன்றியம்தான். 2022 டிசம்பரில், பட்டியலின மக்கள் குடித்து வந்த மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது தெரியவந்த ஊர். ஆமாம் என்று மட்டும்தான் சொன்னேன். அந்தக் குளத்தின் அடியில் நின்றுகொண்டு மேற்கொண்டு பேச எனக்கு வாய் வரவில்லை. அந்த மௌனத்துக்காக இன்றும் வருந்துகிறேன். குழந்தை கேட்ட சரியான கேள்வி அது. அன்றைக்கு அவள் கேட்டதைவிட முக்கியமான எதையும் நான் சொல்லித் தரவில்லை.

வெளியே தெற்குப் பக்கத்துப் பாறையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலம், ஒன்பதாம் நூற்றாண்டு. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் உள்மண்டபத்தைப் புதுப்பித்து, முன்மண்டபமும் எடுப்பித்ததைச் சொல்லும் தமிழ்ச் செய்யுள். முன்பெல்லாம் இந்த ஓவியங்களைப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். இந்தக் கல்வெட்டு வெளிவந்த பிறகு பலரும் ஓவியத்தை இந்தத் திருப்பணியோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். ஆசிரியன் என்ற சொல் அன்று சமயகுருவைக் குறித்திருக்கலாம். இருந்தாலும் கல்லில் அந்தச் சொல்லைத் தொட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு ஆசிரியன் மதுரையிலிருந்து வந்து இந்தக் கூரையைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறான்.

கட்டுச்சோற்றைப் பாறை நிழலில் சாப்பிட்டுவிட்டு, பிற்பகலில் குடுமியான்மலைக்குப் போனோம். களைத்துப்போன பிள்ளைகளுக்கு அங்குள்ள இசைக் கல்வெட்டு பிடிபடவில்லை. கிரந்த எழுத்தில் ஏழு பகுதிகளாக ஸ்வர வரிசைகள், நோட்டில் கட்டம் போட்டது போலப் பாறை முழுக்க. ருத்ராசாரியர் என்பவரின் சீடனான ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று முடிகிறது. அது எந்த அரசன் என்று இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு அந்த வாதம் பெரிதாகப் படவில்லை. இவ்வளவு பெரிய பாறையை மாணவர்களுக்காகச் செதுக்கியிருக்கிறார்கள் என்பதே போதும். "அப்ப இது போர்டா சார்?" என்றான் ஒருவன். போர்டுதான், அழிக்க முடியாத போர்டு என்றேன்.

திங்கட்கிழமை டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குக் கொடுக்கவில்லை. முதலில், ஊரில் தண்ணீர் இருக்கிற இடங்களை மட்டும் ஒரு வரைபடமாகப் போடச் சொன்னேன். கண்மாய், ஊருணி, கைப்பம்பு, தொட்டி. சேர்ந்து உட்கார்ந்து போட்டார்கள். ஊர்த் தெரு முனையில் ஒரு தொட்டி வந்தது. காலனி முனையில் இன்னொரு தொட்டி வந்தது. "ஒரே ஊருக்கு எதுக்கு சார் ரெண்டு?" என்று கேட்டது வேறொரு பிள்ளை. இந்தத் தடவை நான் வாயடைத்து நிற்கவில்லை. எனக்குத் தெரிந்ததை, என் தாத்தா காலத்தில் எங்கள் குடும்பம் யாரை எந்தக் கிணற்றில் இறங்கவிடவில்லை என்பது உட்பட, சொன்னேன். மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த பீரியடில் வழக்கம்போல ஆளுக்கொரு வெள்ளைத் தாள். இடத்தின் பெயரை நான் சொல்லவில்லை. முப்பத்திரண்டில் பதினோரு தாளில் கண்மாய் வந்திருந்தது. ஒரு பெண் கண்மாயும் கரையும் தாமரையும் அழகாகப் போட்டுவிட்டு, மேல் மூலையில் அந்தக் கூம்பு மலைகளையும் பாதிச் சூரியனையும் வைத்திருந்தாள். அழிக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

கடைசி பெஞ்சுப் பையன் கரையில் உள்ள கருவேல மரங்களையும், மடையையும், அப்பாயியின் கூடையையும் போட்டு முடித்திருந்தான். தண்ணீரின் நடுவில் ஓரிடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. மணி அடித்ததும் தாளை என்னிடம் கொண்டுவந்து நீட்டினான்.

"அங்க எருமை சார். முங்கிக் கெடக்கறப்ப காது மேல நிக்குமா, தொங்குமான்னு ஞாபகம் வரல. சாயங்காலம் பாத்துட்டு வந்து நாளைக்குப் போட்டுர்றேன்."