சிட்டை எழுதிய ரோபோ

நான் பி.காம். எலெக்ட்ரானிக்ஸில் எனக்குத் தெரிந்தது, டி.வி. ரிமோட் வேலை செய்யாவிட்டால் ரெண்டு தட்டு தட்ட வேண்டும் என்பதுதான். அப்படிப்பட்டவனுக்குப் போய் அக்கா போன் பண்ணினாள். "உடனே வாடா. பையன் ரோபோவைத் தூக்கிப் பரண்ல போடப் போறானாம்!"

பையன் ஒன்பதாவது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. ரெண்டு சக்கரம், நடுவில் ஆர்டுயினோ ஊனோ போர்டு, அடியில் ரெண்டு அகச்சிவப்பு சென்ஸார். வெள்ளை சார்ட்டில் ஒட்டிய கறுப்பு டேப்பைப் பார்த்துப் பார்த்து ஓட வேண்டும். காலையில் சமர்த்தாக ஓடுகிறது. சாயந்தரமானால், கடன்காரரைப் பார்த்த நான் மாதிரி, கோட்டை விட்டு ஒதுங்கி சோபாவுக்கு அடியில் போய்விடுகிறது.

"ஜன்னல் பக்கம் போனாத்தான் மாமா இப்படிப் பண்ணுது."

"நீ டேப்பை ஒழுங்கா ஒட்டியிருக்க மாட்டே," என்றார் அத்தான். நானும் தலையாட்டினேன். பையன் முகம் சுருங்கிப் போயிற்று.

அந்த முகத்தை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன் சார். முதல் வேலையில் ஒருநாள் கல்லாவில் 840 ரூபாய் குறைந்தது. ஆபீஸே என்னைப் பார்த்தது. நான் சொன்னது எடுபடவில்லை. கடைசியில் என்னைக் காப்பாற்றியது தினசரி சிட்டை. வேறொருவர் வாங்கிய அட்வான்ஸ் அதில் பதிவாகி இருந்தது!

"டேய், உன் வண்டி ஏதாவது கணக்கு எழுதுமா?"

"சென்ஸார் நம்பரை கேபிள் வழியா கம்ப்யூட்டருக்கு அனுப்பும் மாமா. இதோ, சீரியல் மானிட்டர்."

நம்பர்கள் சரசரவென்று ஓடின. சேமிக்க ஒரு பட்டன் கிடையாது. எழுதாத கணக்கு ஒரு கணக்கா?

"அதுக்கு புட்டி வேணும் மாமா."

அத்தான் சட்டென்று திரும்பிப் பார்த்தார். அந்தப் புட்டி இல்லை! இது இலவசமாகக் கிடைக்கிற ஒரு சாஃப்ட்வேர். அதில் சீரியலைத் தேர்ந்தெடுத்து, போர்ட் நம்பரையும் 9600 என்ற வேகத்தையும் கொடுத்து, 'லாகிங்' பகுதியில் பதிவை இயக்கி ஃபைல் பெயரைப் போட்டால், வருவதையெல்லாம் ஃபைலில் எழுதிக்கொண்டே போகும்.

போட்டோம். "திறக்க முடியாது" என்றது. ரேஷன் கடை ஜன்னல் மாதிரிதான். ஒருத்தர் நகர்ந்தால்தான் அடுத்தவர் நிற்க முடியும். சீரியல் மானிட்டரை மூடியதும் வழிக்கு வந்தது.

நேரம், இடது, வலது. நடுவில் கமா. விநாடிக்கு 10 வரி. நீள கேபிளைப் பிடித்துக்கொண்டு, கன்றுக்குட்டியை மேய்ப்பவன் மாதிரி ரோபோ பின்னால் பையன் ஓடினான். நாலரை மணி. ஜன்னலோரம் வந்ததும் வழக்கம்போல சோபா.

ஃபைலை எக்ஸெலில் திறந்தேன். இனிமேல் என் ராஜ்யம்! வெள்ளையில் 60, கறுப்பில் 800 என்று வந்துகொண்டிருந்த நம்பர், ஜன்னலருகே மட்டும் கறுப்பிலேயே 200-க்கு விழுந்திருந்தது. 400-க்குக் கீழே என்றால் வெள்ளை என்பது பையன் போட்ட கணக்கு. மேற்கு ஜன்னல் வெயிலிலும் அகச்சிவப்பு உண்டே! தான் அனுப்பிய வெளிச்சம்தான் திரும்பி வருகிறது என்று சென்ஸார் ஏமாந்திருக்கிறது. டேப்பின் மேல் குற்றமில்லை. பையன் மேலும் இல்லை.

அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரிகளையே பார்த்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பேசாமல் கத்திரிக்கோலை எடுத்து, கறுப்பு அட்டையை வெட்டி, சென்ஸாரைச் சுற்றி ஒரு குட்டிப் பாவாடை கட்டினார்.

ரோபோ ஜன்னலோரம் போயிற்று. வளைந்தது. நேராகத் திரும்பி வந்தது. பையன் முகத்தை எழுத எந்த சிட்டையிலும் இடமில்லை.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். "ஏங்க, நம்ம வீட்டுச் செலவையும் இப்படி ஃபைல்ல பதிஞ்சா என்ன?" என்றாள் மனைவி.

"அந்த போர்ட் பிஸிம்மா!" என்று சொல்லிவிட்டு, சோபா பக்கம் ஒதுங்கினேன்.